ஒரே திகதி, இரண்டு ஆண்டுகள்: பழைய படங்களுக்குத் திகதி திருத்தப் போய் நாங்கள் படித்த பாடம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். புத்தூர், நவக்கிரி, அச்சுவேலி, நீர்வேலிப் பக்கத்து வீடுகளிலிருந்து எங்களை நம்பி அல்பம் தந்தவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். உங்கள் படங்களுக்கு என்ன செய்தோம், எங்கே பிழைவிட்டோம், எப்படித் திருத்தினோம் என்ற கணக்கு இது.

பாடசாலை முடிந்த பிறகு கணினி அறையில் மாணவர்களோடு இருந்து பழைய படங்களை ஸ்கான் பண்ணி வருவது உங்களுக்குத் தெரியும். முதல் தொகுதி முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் போட்டுக் காலவரிசையில் அடுக்கச் சொன்னோம். கணினி அடுக்கவில்லை. அறுபதுகளின் கல்யாணம், எண்பதுகளின் பூப்புனித நீராட்டு விழா, 2003இன் நிலாவரைச் சுற்றுலா எல்லாமே ஒரே நாளில் நடந்ததாகக் காட்டியது. அது நாங்கள் ஸ்கான் பண்ணிய நாள். ஒரு பிள்ளை எங்களைப் பார்த்து, "சேர், எங்கட அம்மம்மாவும் நானும் ஒரே நாளில பிறந்த மாதிரிக் கிடக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் அது சிரிக்கிற விடயம் இல்லை என்று விளங்கியது.

படத்துக்குள் திகதி எப்படி வந்தது?

1839இல் பாரிசில் தாகேரின் முறை அறிவிக்கப்பட்டபோது படத்துக்குள் திகதி என்று ஒன்று இருக்கவில்லை. வேண்டுமானவர் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 1914இல் கொடக் நிறுவனம் ஒரு புதுமை செய்தது. ஹென்றி கெயிஸ்மன் என்பவரின் கண்டுபிடிப்பை வாங்கி, கமராவின் பின்புறத்தில் சிறு கதவு ஒன்று வைத்தது. படம் பிடித்தவுடன் கதவைத் திறந்து ஊசி போன்ற எழுத்தாணியால் நாளையும் இடத்தையும் எழுதினால், அந்த எழுத்து பிலிமின் ஓரத்தில் பதிந்துவிடும். 1930களின் தொடக்கத்தில் அந்தக் கமரா நின்றுபோனது. எழுதுவதற்கு ஆட்களுக்குப் பொறுமை இருக்கவில்லை போலும்.

அதன் பிறகு சில ஆய்வுகூடங்கள் படத்தின் வெள்ளை ஓரத்தில் மாதத்தையும் ஆண்டையும் அச்சடித்தன. அதைப் படம் பிடித்த மாதம் என்று நினைத்துவிடக் கூடாது. அது பிலிம் கழுவிய மாதம். தைப்பொங்கலுக்குப் பிடித்த பிலிம் முடிய சித்திரைப் புத்தாண்டு வரும் வீடுகளில் இரண்டுக்கும் இடையில் மூன்று மாதம் இருக்கும். எண்பதுகளில் பிடித்த படங்களின் மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் எண்கள் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த கமராவின் வேலை அது. அந்தக் கமராவுக்குள் ஒரு சிறு மணிக்கூடும் அதற்கொரு பற்றரியும் இருந்தன. மாமா அதை லண்டன் நேரத்தில் வைத்திருந்தாரா, நம் நேரத்துக்கு மாற்றினாரா என்பது அவருக்கே தெரியாது.

1995இல் ஜப்பானின் மின்னணுத் தொழில் சங்கம் ஒன்று எக்ஸிஃப் என்ற ஒழுங்கை வெளியிட்டது. இன்று உங்கள் கைத்தொலைபேசி பிடிக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது இருக்கிறது. படத்தோடு சேர்த்து ஒளித்துவைத்த ஒரு சிட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கமராவின் பெயர், வெளிச்ச அளவு, திகதி எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சிட்டையில் திகதிக்கு ஒரு கட்டம் அல்ல, மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதலாவது, படம் பிடித்த நேரம். இரண்டாவது, அது எண்ணிமமாக மாறிய நேரம். மூன்றாவது, கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரம். கைத்தொலைபேசியில் முதல் இரண்டும் ஒன்றே. ஆனால் 1964இல் பிடித்த படத்தை நாங்கள் இன்று ஸ்கான் பண்ணினால் அவற்றுக்கிடையில் ஓர் ஆயுட்காலமே கிடக்கிறது.

இந்த மூன்று கட்டங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிழை இவற்றில்தான் நடந்தது.

கோப்பின் வெளிப்புறத் திகதி

எக்ஸிஃப் சிட்டை படத்தின் உள்ளே இருப்பது. கோப்பின் வெளியே கணினி இன்னொரு திகதியை எழுதிவைக்கும். நாங்கள் கோப்புறையைத் திறந்தவுடன் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். யுனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து நொடி நொடியாக எண்ணுகின்றன. அதற்கு முந்திய நாட்களை எதிர்மறை எண்ணாக எழுதலாம். நாங்கள் படங்களை வாங்கி வரும் பென்டிரைவ்களில் அனேகமானவை பழைய டொஸ் காலத்துக் கோப்பு முறையையே பின்பற்றுகின்றன. அதில் திகதி தொடங்குவதே 1980 ஜனவரி 1இல்தான். உங்கள் அப்பப்பாவின் 1964ஆம் ஆண்டுக் கல்யாணத் திகதியை அந்தப் பென்டிரைவில் கோப்பின் வெளிப்புறத் திகதியாக எழுதவே இயலாது. அந்த ஆண்டுக்கு அங்கே எண் இல்லை.

எனவே திகதியை உள்ளே, எக்ஸிஃப் சிட்டையில்தான் எழுத வேண்டும். ஒவ்வொன்றாகக் கையால் எழுதினால் மாணவர்களின் ஒரு தவணை போய்விடும். அதனால் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினோம்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்றதும் பயப்பட வேண்டாம். கணினிக்கு நாம் தட்டச்சில் இடும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து, "இதை வாசித்துச் செய்" என்று சொல்வது, அவ்வளவுதான். கடைக்குப் போகும் பிள்ளையிடம் அம்மா கொடுத்துவிடும் துண்டு மாதிரி. நாங்கள் பாவித்த ஷெல்லின் பெயர் பாஷ். பிரையன் ஃபொக்ஸ் என்பவர் எழுதி 1989இல் வெளிவந்தது. படத்தின் உட்சிட்டையைத் திருத்துவதற்குப் பாவித்தது எக்ஸிஃப்டூல். கனடாவைச் சேர்ந்த பில் ஹார்வி 2003 முதல் இலவசமாகக் கொடுத்துவரும் கருவி. இரண்டுக்கும் ஒரு சதமும் செலவில்லை.

எங்கள் முதல் ஸ்கிரிப்ட் பதினைந்து வரிகூட இல்லை. தமிழில் சொன்னால் இப்படி: இந்தக் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு படத்தையும் எடு. அதன் பெயரில் உள்ள ஆண்டு, மாதம், நாளைப் படி. அதை உட்சிட்டையின் எல்லாத் திகதிக் கட்டங்களிலும் எழுது. முடிந்ததும் அடுத்த படத்துக்குப் போ. படத்தின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்து மாணவர்கள் கோப்புக்குப் பெயர் வைத்தார்கள். ஆண்டு எழுதாமல் நாள் மட்டும் இருந்தால் எங்களிடம் கேட்டார்கள்.

ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டோம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"எடுத்தது" என்ற சொல்

அந்தத் தொகுதியில் ஒரு குடும்பப் படம் இருந்தது. வீட்டு முற்றத்தில் அப்பா, அம்மா, இரண்டு பொடியன்கள், அம்மாவின் மடியில் ஒரு கைக்குழந்தை. பின்பக்கத்தில் பேனையால் ஒரு வரி: "ஒக். 30 வெளிக்கிடேக்க எடுத்தது." ஆண்டு இல்லை.

மாணவி எங்களிடம் கேட்டாள், "சேர், எந்த ஆண்டு போட?"

யோசிக்காமலே சொன்னோம்: "1990."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. அன்று காலை சோனகத் தெருவில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்பது விடுதலைப் புலிகளின் கட்டளை. உடுத்த உடுப்போடும் கையில் விட்ட கொஞ்சக் காசோடும் வெளிக்கிட்டோம். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாணத்து ஆட்களில் பெரும் பகுதியினர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் போய்ச் சேர்ந்தோம். சுவரில் மாட்டியிருந்த படங்கள் சுவரிலேயே இருந்தன. எங்கள் வாப்பாவின் இளமைக்காலப் படம் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை. ஆகவே "ஒக்டோபர் 30" என்று யார் எழுதியிருந்தாலும் எங்கள் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஆண்டுதான்.

ஸ்கிரிப்ட் நாங்கள் சொன்னதைச் செய்தது. 1990:10:30 என்று மூன்று கட்டங்களிலும் எழுதியது. படத்தைப் பெரிதாக அச்சடித்து, கீழே திகதியும் போட்டு, தந்த வீட்டுக்கே அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து அந்த வீட்டு ஆச்சி மகளோடு பாடசாலைக்கு வந்தார். மகள் அச்சுப்படத்தை மேசையில் வைத்து, மடியில் இருந்த குழந்தையைத் தொட்டுக் காட்டினார். "இது நான். நான் பிறந்தது 92இல. நீங்கள் போட்ட திகதிப்படி நான் இன்னும் பிறக்கவே இல்லை."

ஆச்சி கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "தம்பி, படம் பிடிச்சதை நான் எழுதேல்ல. வெளிக்கிடேக்க சுவரில இருந்து கழட்டி எடுத்ததைத்தான் எழுதினனான். தொண்ணூற்றஞ்சு. திங்கக்கிழமை இரவு. மழை. இவர் சைக்கிளில அரிசி மூட்டையைக் கட்டினார், நான் இந்தப் படத்தைச் சீலைக்குள்ள சுத்தினன். இவற்ற படம் எண்டு வேற ஒண்டும் இல்லை."

"எடுத்தது." படம் பிடித்ததையும் எடுத்தது என்கிறோம். கையில் தூக்கிக்கொண்டதையும் எடுத்தது என்கிறோம். அந்த ஒரு சொல்லில் நாங்கள் விழுந்தோம்.

1995 ஒக்டோபர் 30 திங்கட்கிழமைதான், நாட்காட்டியில் பார்த்தோம். அந்த மாதம் 17ஆம் திகதி தொடங்கிய ரிவிரெச இராணுவ நடவடிக்கை வலிகாமத்தை நெருங்கியபோது, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது அதே புலிகள். வலிகாமத்துச் சனம் இரவோடிரவாக, கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தில் நெரிந்து தென்மராட்சிக்கும், வல்லைவெளி தாண்டி வடமராட்சிக்கும் போனது. புத்தூர் ஆட்களிடம் "இடப்பெயர்வு" என்று பொதுவாகச் சொன்னால் அவர்களுக்கு நினைவு வருவது அந்த இரவுதான்.

ஐந்து ஆண்டு இடைவெளியில் ஒரே திகதி. எங்கள் வெளியேற்றமும் அவர்கள் இடப்பெயர்வும் நாட்காட்டியில் ஒரே சதுரத்தில் இருக்கின்றன. இத்தனை காலமும் இந்த ஊரில் படிப்பிக்கிறோம், ஒவ்வோர் ஒக்டோபர் 30இலும் மனம் கனத்துப் பாடசாலைக்கு வருகிறோம், எதிரே இருக்கும் பிள்ளையின் வீட்டிலும் அன்று ஒரு கனம் இருக்கும் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா? கேட்கவில்லை. எங்கள் துயரத்தின் திகதியை அவர்கள் துயரத்தின் மேல் எழுதிவிட்டோம். கணினி எங்களைத் தடுக்கவில்லை. அதற்கு எல்லா எண்ணும் ஒன்றுதான்.

ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "உங்கட வீட்டில என்ன படம் எடுத்தனீங்கள், தம்பி?" ஒன்றும் எடுக்கவில்லை என்றோம். கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை.

அரை மணித்தியாலம்

அதன் பிறகு ஸ்கிரிப்ட்டை நம்புவதற்கு முன் ஒவ்வொரு தொகுதியையும் கேள்வி கேட்கத் தொடங்கினோம். பார்த்தால் நாள் மட்டுமல்ல, மணியும் இந்த நாட்டில் லேசான விடயம் இல்லை.

1906 முதல் இலங்கையின் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1942இல் முதலில் அரை மணி, பிறகு இன்னோர் அரை மணி முன்னே தள்ளி, 1945 ஒக்டோபரில் பழையபடி திருப்பினார்கள். 1996 மே மாதம் வரட்சியால் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்து ஆறு மணி வித்தியாசத்தில் நிறுத்தியது. 2006 சித்திரைப் புத்தாண்டோடு மறுபடி ஐந்தரைக்கு வந்தது. விடுதலைப் புலிகள் தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 1996இன் மாற்றத்தை ஏற்கவேயில்லை. வன்னியில் பத்து ஆண்டும் பழைய நேரம்தான் ஓடியது. போர்நிறுத்தத்தோடு 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு பயணம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: முகமாலையைத் தாண்டினால் மணிக்கூடு அரை மணி பின்னே போகும்.

இதற்கும் படத்துக்கும் என்ன தொடர்பு? 2004 டிசம்பர் 26ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுமாத்திராவுக்கு அருகில் நிலம் அதிர்ந்தது சர்வதேச நேரப்படி 00:58:53இல். அரசாங்க நேரத்தில் அது காலை 6:58. வன்னி நேரத்தில் 6:28. அதே அலை, அதே கரை, ஆனால் இரண்டு மணிக்கூடுகள். இரண்டு நேரங்களும் ஓடிய பகுதிகளில் அன்று பிடித்த இரண்டு படங்களை நேர வரிசையில் அடுக்கினால், பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாகத் தெரியலாம். யார் முதலில் உதவிக்குப் போனார் என்ற கதையே மாறிவிடும்.

எக்ஸிஃப் சிட்டையில் 2016 வரைக்கும் "இது எந்த நாட்டு நேரம்" என்று எழுதக் கட்டமே இல்லை. எண் மட்டும் இருக்கும். உலகக் கணினிகள் எல்லாம் பாவிக்கும் நேர அட்டவணையில் இலங்கைக்கு "ஆசியா/கொழும்பு" என்ற ஒரு வரிதான் உண்டு. வன்னிக்குத் தனி வரி இல்லை. நாங்கள் ஸ்கிரிப்ட்டில் அந்த அட்டவணையை அப்படியே பாவித்தால், வன்னியில் பிடித்த ஒவ்வொரு படமும் அரை மணி பிழைக்கும். நள்ளிரவை ஒட்டிய படம் என்றால் நாளே மாறும்.

மணிக்கூட்டைச் சரிபார்க்க எங்களுக்குக் கைகொடுத்தது சூரியன். புத்தளத்தில் இருந்த காலத்தில் 1996 மே மாதம் லுஹர் தொழுகை திடீரென ஒரு மணித்தியாலம் பிந்தியது சின்னப் பிள்ளைகளாகிய எங்களுக்குப் புதுமையாக இருந்தது. "மணிக்கூட்டைத்தான் அரசாங்கம் மாத்தியிருக்கு, நிழலை இல்லை" என்று மத்ரஸாவில் விளக்கினார்கள். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 80 பாகை கிழக்கில் இருக்கிறது. ஐந்தரை மணி நேரத்துக்குரிய கோடு 82½ பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:10க்கு. ஆறு மணி நேரத்தில் அது 12:40. ஒரு படத்தில் நிழல் காலடியில் குறுகிக் கிடக்க, சிட்டை 11 மணி என்று சொன்னால் சிட்டை பொய் சொல்கிறது.

இன்னொன்று. நம் குடாநாட்டில் சித்திரைப் புத்தாண்டு அளவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். கோயில் கோபுரமோ பாடசாலைக் கட்டடமோ எந்தத் திசை என்று தெரிந்தால், நண்பகல் படம் ஒன்று ஆண்டின் எந்தப் பகுதி என்று சொல்லிவிடலாம். புவியியல் ஆசிரியை ஒருவர் இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். பாடப்புத்தகத்தில் தூங்கிய பிள்ளைகள் இதற்குக் கண் விழித்தார்கள்.

ஞாயிறு பள்ளிக்கூடம்

ஸ்கிரிப்ட்டில் ஒரு காவலும் வைத்தோம். பாடசாலை நாட் படம் ஒன்று சனி, ஞாயிறில் விழுந்தால் "சந்தேகம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்ட வேண்டும். 1968 ஜூலை 14 என்று தெளிவாக எழுதிய ஒரு வகுப்புப் படம் அப்படி மாட்டியது. அன்று ஞாயிறு. சீருடையில் பிள்ளைகள், கரும்பலகை, ஆசிரியர், எல்லாம் இருக்கிறது. திகதி பிழை என்று நாங்கள் ஒதுக்கப் பார்த்தோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிரித்தார். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறையே இல்லை. டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் போயாவையும் அதற்கு முந்திய நாளையும் வார விடுமுறையாக்கியது. சந்திரனின் நான்கு கால்களுக்கும் ஏற்ப விடுமுறை நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த ஜூலை 14 போயாவை ஒட்டிய நாளும் அல்ல. ஆகவே ஞாயிறு பள்ளிக்கூடம் நடந்தது. பழைய ஆள் எழுதிய திகதி சரி. இன்றைய நாட்காட்டியை அன்றைய நாளின் மேல் போட்டுப் பார்த்த எங்கள் ஸ்கிரிப்ட்தான் பிழை.

செத்த பற்றரி

2003 தொடக்கம் ஊருக்குள் வந்த எண்ணிமக் கமராக்களின் படங்கள் வேறொரு வகை. பற்றரி முற்றாக இறங்கினால் பல கமராக்களின் மணிக்கூடு 2000 ஜனவரி 1க்குப் போய்விடும். திகதி கேட்டால் "சரி" பொத்தானை அமத்திவிட்டுப் படம் பிடிப்பதுதான் நம் பழக்கம். ஆகவே ஒரே கமராவில் நாலு கல்யாணமும் 2000 ஜனவரியில் நடந்திருக்கும்.

இதற்கு ஸ்கிரிப்ட் மிக நன்றாக உதவியது. விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்றில் கமரா சொன்ன நாள் 2000 ஜனவரி 3. பின்னால் கட்டியிருந்த பதாகையில் 2005 பெப்ரவரி 12. வித்தியாசம் 1,867 நாள். அந்தத் தொடரில், அடுத்த தடவை பற்றரி செத்த இடம் வரைக்கும், எல்லாப் படங்களையும் 1,867 நாள் முன்னே தள்ளச் சொன்னோம். ஒரு படத்தின் உண்மை தெரிந்தால் அதன் அயலில் உள்ள நூறு படமும் சரியாகிவிடுகின்றன. ஆனால் அந்த ஒரு படத்தைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். பதாகையை வாசிக்க வேண்டும், அல்லது "அண்டைக்கு எங்கட இல்லம் தோத்தது" என்று நினைவு சொல்ல ஒருவர் வேண்டும்.

இப்போது செய்வது

எங்கள் ஸ்கிரிப்ட் இப்போது கோப்பின் பெயரை நம்புவதில்லை. மாணவர்கள் ஒரு பட்டியல் எழுதுகிறார்கள்: படத்தின் இலக்கம், பிடித்த நாள், எவ்வளவு நிச்சயம், எப்படித் தெரியும். ஸ்கிரிப்ட் முதலில் மூலப் படத்தை வேறிடத்தில் பிரதி வைக்கிறது. அதை எவரும் தொடக் கூடாது. பிறகு முதற் கட்டத்தில் மட்டும் பிடித்த நாளை எழுதுகிறது. இரண்டாவது கட்டத்தில் ஸ்கான் பண்ணிய நாள் அப்படியே நிற்கிறது. பின்பக்கத்து எழுத்தையும் ஸ்கான் பண்ணி, எழுத்துப் பிசகாமல் குறிப்பாகச் சேர்க்கிறோம். கடைசியில் எந்தப் படத்தில் எதை மாற்றினோம் என்று ஒரு பதிவேட்டில் ஒவ்வொரு வரியாக எழுதிவைக்கிறது. நாளைக்கு நாங்கள் பிழை என்று தெரிந்தால் திரும்பிப் போக வழி வேண்டும்.

தெரியாத திகதிக்கு என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை எக்ஸிஃப் ஒழுங்கிலேயே இருந்தது. திகதி தெரியாவிட்டால் இலக்கங்களின் இடத்தை வெறுமையாக விடலாம், இடையில் உள்ள புள்ளிகள் மட்டும் நிற்கட்டும் என்று அது சொல்கிறது. தெரியாது என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் குறிப்பில் ஆண்டை மட்டும் எழுதுகிறோம். "அளவில்" என்றால் "அளவில்" என்றே எழுதுகிறோம். கட்டம் காலியாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு நிரப்பியதால்தான் ஒரு பெண்ணை அவர் பிறப்பதற்கு முன்னரே தாயின் மடியில் இருத்தினோம்.

1981இல், மே 31 இரவும் ஜூன் முதலாம் திகதியுமாக, யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறக்குறைய 97,000 நூல்கள் என்பார்கள். 1990இல் எங்கள் சுவர்கள் போயின. 1995இல் உங்கள் சுவர்கள் போயின. மிஞ்சியவை சீலைக்குள் சுற்றி வந்த இந்தச் சில படங்கள்தான். 2005 முதல் நூலகம் நிறுவனம் போன்றவர்கள் நம் எழுத்துகளை எண்ணிமமாக்கி வருகிறார்கள். வீட்டுப் படங்களை வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறும். ஆண்டைக் கட்டாயம் எழுதுங்கள். "எடுத்தது" என்று மட்டும் எழுதாதீர்கள். பிடித்ததா, கொண்டுவந்ததா என்று எழுதுங்கள்.

எங்களுக்கு வட்ஸ்அப்பில் படமாக அனுப்ப வேண்டாம். அது உட்சிட்டையைக் கழற்றி எறிந்துவிடும், அளவையும் சுருக்கும். கோப்பாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் தாருங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்த ஆண்டு என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. "அப்ப சின்னவன் நடந்தவனோ?", "கரண்ட் இருந்ததோ?", "மழையோ?" என்று கேளுங்கள். ஆண்டு தானாக வரும்.

ஆச்சியின் படத்தைத் திருத்தி, மறுபடி அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். மகள் சோறு தின்னத் தொடங்கிய காலம் என்று ஆச்சி சொன்னதை வைத்து, பிடித்தது "1993 அளவில்" என்று எழுதினோம். நாளும் மாதமும் வெறுமை. குறிப்பில்: "1995 ஒக்டோபர் 30 திங்கள் இரவு, வீட்டை விட்டு வெளிக்கிடும்போது சுவரிலிருந்து கழற்றி எடுத்தது." அவர் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார்.

வருகிற ஒக்டோபர் 30 அன்று, இன்ஷா அல்லாஹ், பாடசாலை மண்டபத்தில் இந்தப் படங்களை வைக்கப் போகிறோம். ஒரு பக்கம் 1990, மறுபக்கம் 1995. எங்கள் பக்கத்தில் மாட்டுவதற்குப் படங்கள் அதிகம் இல்லை. சோனகத் தெரு வீடுகள், கல்யாணங்கள், ஜின்னா மைதானத்துப் பந்தாட்டம் எதுவாவது உங்கள் அல்பங்களில் ஓர் ஓரத்திலாவது இருந்தால் பாருங்கள். அயலவரின் கல்யாணத்துக்கு வந்து நின்ற எங்கள் ஆட்கள் யாராவது உங்கள் படங்களில் நிற்கக்கூடும். திகதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கொண்டுவாருங்கள், சேர்ந்திருந்து கண்டுபிடிப்போம்.